தமிழ்நாட்டின் உச்சிக்கு ஒரு மணி நேர நடை

எங்கள் கீழப்பாவூர்ப் பக்கம் யாரையாவது நிறுத்தி, "தமிழ்நாட்டுலயே ஒசரமான மலை எது?" என்று கேட்டுப் பாருங்கள். வயசானவர்கள் என்றால் யோசிக்காமல் "பொதிகை" என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் "தொட்டபெட்டா", பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஊர் சுற்றியவர்கள் "ஆனைமுடி" என்று ஆரம்பித்துவிட்டு, "ஆனா அது கேரளாவுலல்லா இருக்கு" என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

மூன்று பதிலையும் எண்ணாக எழுதிப் பார்ப்போம்.

பொதிகை என்கிற அகத்தியமலை: 1,868 மீட்டர்.
தொட்டபெட்டா: 2,637 மீட்டர்.
ஆனைமுடி: 2,695 மீட்டர்.

பொதிகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் 769 மீட்டர் வித்தியாசம். அங்கே சண்டைக்கு இடமில்லை. தொட்டபெட்டாவுக்கும் ஆனைமுடிக்கும் நடுவில் வெறும் 58 மீட்டர்தான். இந்தக் குறிப்பு அந்த 58 மீட்டரைப் பற்றியது. அது எப்படி அளக்கப்பட்டது, எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது, அதனால் நமக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைப் பற்றியது.

1. முதலில் நடை

தொட்டபெட்டாவுக்குப் போவது மலையேற்றம் என்றே சொல்ல முடியாது. ஊட்டியே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது உச்சிக்கு மிச்சம் இருப்பது 400 மீட்டர். ஊட்டியில் இருந்து கோத்தகிரி போகிற சாலையில் தொட்டபெட்டா ஜங்ஷன் வரும். அங்கிருந்து பிரிகிற சாலை சுமார் 3 கிலோமீட்டரில் உச்சியில் கொண்டுபோய் விடுகிறது. கார், வேன் எல்லாம் மேலேயே போகும். வண்டியை நிறுத்தினால் நாலு எட்டு வைத்தால் உச்சி.

நான் ஜங்ஷனில் இறங்கி அந்த மூன்று கிலோமீட்டரையும் சாலையோரமாகவே நடந்தேன். சாதாரணமாக நடப்பவருக்கு ஒரு மணி நேரம் போதும். சமவெளியில் இருந்து நேராகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்கப் பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

நடந்து போனால்தான் தெரிகிற விஷயம், இந்த மலையின் மேல் எத்தனை காலங்கள் அடுக்கி இருக்கின்றன என்பது. கீழே தேயிலையும் யூகலிப்டஸும். சரிவில் 1860களில் ஆங்கிலேயர் போட்ட சிங்கோனாத் தோட்டத்தின் நினைவாக இன்றும் ஓர் இடத்துக்குச் சின்கோனா என்றே பெயர். மலேரியாவுக்குக் கொயினா எடுப்பதற்காகத் தென்னமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த மரம் அது. இவற்றுக்கு நடுவில் மலை மடிப்புகளில் சோலைக்காடு மிச்சம் இருக்கிறது. குட்டையான, கவிழ்த்த குடை போன்ற மரங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் போனால் காட்டுப்பூவரசு ரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். இதன் உறவுக்காரர்கள் எல்லாம் இமயமலையில் இருக்கிறார்கள். இது மட்டும் இங்கே தென்மலை உச்சிகளில் தனியாக நிற்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வரி. "வானத்தைத் தொட்ட" என்பதால் தொட்டபெட்டா என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. கன்னடத்திலும் படகர் பேச்சிலும் தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. பெரிய மலை. பெயர் வைத்தவர்கள் மாநிலத்தை நினைத்து வைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டியவரை அதுதான் பெரிய மலை.

உச்சியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தொலைநோக்கி இல்லம் இருக்கிறது. மேகம் விலகினால் கேத்திப் பள்ளத்தாக்கும் குன்னூரும் தெரியும். ரொம்பத் தெளிவான நாளில் கிழக்கே சமவெளி தெரியும். மேகம் விலகாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் குல்லாய் மட்டும் தெரியும். இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் உச்சி கள்சுபாய். 1,646 மீட்டர், இரும்பு ஏணி பிடித்து ஏற வேண்டும். சிக்கிமின் உச்சி கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். 1955இல் முதலில் ஏறியவர்களே, உள்ளூர் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து, கடைசிச் சில அடிகளை மிதிக்காமல் இறங்கினார்கள். நம்முடையது மட்டும் பஞ்சு மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே போகிற உச்சி. இது ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதற்கான பதில் ஐந்தாம் பகுதியில் வரும்.

2. பொதிகை அண்ணாச்சி கட்சி

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர். நான் இந்த எண்களைச் சொன்னதும் முகம் சுளித்தார்.

"பொதிகைய விட ஒசரமா? எவம்ல அளந்தான்?"

"சர்வே ஆஃப் இந்தியா அளந்துருக்காங்க அண்ணாச்சி."

"அவன் அளப்பான். அந்தத் தொட்டபெட்டால இருந்து ஆறு வருதா? தாமிரவருணி மாதிரி ஒரு ஆறு வந்தாச் சொல்லு."

அவர் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு மலையை எதை வைத்துப் பெரியது என்பது? இலங்கையில் இதே கதைதான். அங்கே உயரமான மலை நுவரெலியா பக்கத்துப் பீதுருதாலகால, 2,524 மீட்டர். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் ராணுவப் பாதுகாப்பும். ஆனால் மக்கள் இரவெல்லாம் படி ஏறிப் போவது 2,243 மீட்டர் உள்ள சிவனொளிபாதமலைக்கு. உயரத்துக்கும் மதிப்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பொதிகையில் இன்னொரு முரண் இருக்கிறது. தாமிரபரணி நம் பக்கம் இறங்குகிறது, மலையின் கிழக்குச் சரிவு நம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆனால் உச்சிக்கு அனுமதியோடு போகும் பாதை கேரளத்தில், போணக்காடு வழியாக. ஆண்டுத் தொடக்கத்தில் கேரள வனத்துறை சில வாரங்கள் திறக்கிறது. அதாவது நாம் நிமிர்ந்து பார்த்து வளர்ந்த மலைக்கு நாம் சுற்றிப்போய் அடுத்த மாநிலத்தில் இருந்து ஏற வேண்டும். கோடு என்பது மலை மேல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது முதல் உதாரணம்.

3. 2,637 என்ற எண் எப்படி வந்தது?

"எவம்ல அளந்தான்" என்பதும் நல்ல கேள்விதான். பதில் சொல்லிவிடுகிறேன்.

1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்தார். பிறகு அதன் இரு முனையிலும் இருந்து தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்து, ஒரு முக்கோணம் போட்டார். அந்த முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த முக்கோணம். இப்படியே தென்னிந்தியா முழுக்க ஒரு முக்கோண வலை. குன்று இல்லாத இடத்தில் கோயில் கோபுரத்தில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைப் பாகம் பாகமாகப் பிரித்துத் தட்டிச் சரி செய்து மறுபடி வேலையைத் தொடங்கினார்.

உயரம் கண்டுபிடிக்கும் கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்குதான். தூரம் தெரியும், நிமிர்ந்து பார்க்கும் கோணம் தெரியும், தூரத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் உயரம். ஆனால் பூமி தட்டையாக இல்லாததால் இரண்டு தொல்லை.

முதல் தொல்லை, வளைவு. 20 கிலோமீட்டர் தள்ளி இருந்து பார்த்தால் பூமியின் வளைவு சுமார் 31 மீட்டரை மறைத்துவிடும். 50 கிலோமீட்டர் என்றால் 196 மீட்டர்! அதைக் கணக்கில் கூட்ட வேண்டும்.

இரண்டாம் தொல்லை, காற்று. ஒளி நேர்கோட்டில் வருவதில்லை. கீழே அடர்த்தி அதிகம், மேலே குறைவு என்பதால் லேசாக வளைந்து வருகிறது. அதனால் மலை இருப்பதை விட உயரமாகத் தெரியும். வளைவுக்குக் கூட்டியதில் ஏழில் ஒரு பங்கு வாக்கில் திரும்பக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கும் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மழை நாளில் ஒன்று.

இதோடு கோணம் எடுப்பதில் பிழை. 50 கிலோமீட்டர் தூரத்தில் கோணம் ஒரே ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் உயரம் 14.5 மீட்டர் மாறும்.

இந்த 14.5 மீட்டரை ஏன் சொல்கிறேன் என்றால், தொட்டபெட்டாவுக்கு அடுத்த போட்டியாளர் நீலகிரியிலேயே இருக்கிறார். முக்குறுத்தித் தேசியப் பூங்காவில் உள்ள கொலாரிபெட்டா, சுமார் 2,630 மீட்டர். ஏழு மீட்டர்தான் குறைவு. இரண்டு மாடி வீட்டின் உயரம். தூரத்தில் இருந்து பார்க்கும்போது அரை நிமிடக் கோணத்துக்குள் அடங்கிப்போகிற வித்தியாசம்.

எண்களும் ஒரே மாதிரி வந்ததில்லை. 1840களின் கடைசியிலேயே தொட்டபெட்டா மேல் வானிலைப் பதிவு நடந்திருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் மேற்பார்வை. 1851 முதல் 1855 வரை எடுத்த பதிவுகளின் தொகுப்பில் உயரம் 8,640 அடி என்று இருக்கிறது. மீட்டரில் 2,633. இன்று பரவலாகச் சொல்லும் 2,637 என்பது 8,652 அடி. கருவிகளின் அந்தக் கால நிலைக்கு, நாலு மீட்டர்தான் வித்தியாசம் என்பது அசாத்தியமான துல்லியம். சுற்றுலாக் கையேடுகள் சிலவற்றில் 2,623 என்றும் பார்க்கலாம். சும்மா ஓர் இலக்கம்தானே என்று விட முடியாது. அந்த 2,623ஐ எடுத்துக்கொண்டால் கொலாரிபெட்டா முந்திவிடும், மாநிலத்தின் உச்சியே இடம் மாறிவிடும். அந்த உச்சிக்குப் பொதுமக்கள் சாலையும் கிடையாது, தொலைநோக்கியும் கிடையாது.

4. சுழியம் எங்கே?

உயரம் என்றால் எங்கிருந்து உயரம்? கடல் மட்டத்தில் இருந்து. எந்தக் கடல்? எந்த நாள் கடல்?

இந்தியாவின் உயரக் கணக்குகளுக்கு அடிப்படையான சமமட்ட வலையை 1909 வாக்கில் முடித்தபோது ஒன்பது துறைமுகங்களின் ஓதப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயின்ட். இந்த ஒன்பது இடத்திலும் கடலின் சராசரி மட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து உள்நாட்டுக்கு மட்டம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். நம் ஊர் ரயில் நிலையப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் மீட்டர் கணக்கும் இதே மாதிரி கடலில் இருந்து வருவதுதான்.

இப்போது இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இது என் தொழிலோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. ஜிபிஎஸ் தருகிற உயரம், பூமியை ஒரு வழவழப்பான, துருவத்தில் லேசாக அமுங்கிய முட்டை வடிவமாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனைப் பரப்பில் இருந்து எடுத்தது. உண்மையான கடல் அந்தப் பரப்போடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு கூடுதலான இடத்தில் கடல் மேடாக இருக்கும், குறைவான இடத்தில் பள்ளமாக இருக்கும். உலகத்திலேயே மிகப் பெரிய பள்ளம் எங்கே தெரியுமா? இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். கற்பனைப் பரப்பை விட 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். இது ஏன் இப்படி என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். பழைய டெத்திஸ் கடலின் தரை பூமிக்குள் மூழ்கியதும், அதனால் சுற்றிலும் கிளம்பிய சூடான பாறைக் குழம்பும் காரணம் என்கிறது அந்த ஆய்வு.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? தென் தமிழகத்தில் ஜிபிஎஸ்சின் கச்சா உயரம் உண்மையான கடல்மட்ட உயரத்தை விடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் தொண்ணூறு சொச்சம் மைனஸ் காட்டும். கடலுக்கு அடியில் நிற்கிற மாதிரி!

ஆண்ட்ராய்டு போனில் செயலிகள் வழக்கமாகக் கேட்டு வாங்கும் உயரம் இந்தக் கச்சா உயரம்தான். கடல்மட்டத்துக்கு மாற்றிய உயரத்தைத் தருகிற வசதி ஆண்ட்ராய்டு 14இல்தான் தனியாகச் சேர்ந்தது. ஐபோன் ஆரம்பத்தில் இருந்தே கடல்மட்டத்துக்கு மாற்றித் தருகிறது. ஆகவே தொட்டபெட்டா உச்சியில் இரண்டு நண்பர்கள் ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு நின்றால் ஒருவருக்கு 2,640 வாக்கிலும் இன்னொருவருக்கு 2,545 வாக்கிலும் வரலாம். இரண்டு போனும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு சுழியத்தில் இருந்து எண்ணுகின்றன.

தொட்டபெட்டாவுக்கும் ஆனைமுடிக்கும் வித்தியாசம் 58 மீட்டர். சுழியத்தை மாற்றினால் வருகிற வித்தியாசம் 90 மீட்டர். எந்த இரண்டு மலையை ஒப்பிட்டாலும் இரண்டுக்கும் ஒரே சுழியம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5. கோடு

சரி, அளவு முடிந்தது. இனி எல்லை.

இன்றைய தமிழ்நாட்டின் எல்லை 1956 நவம்பர் 1இல் பெரும்பாலும் உருவானது. எங்கள் வட்டாரத்துக்கு இது புத்தகச் செய்தி இல்லை. கீழப்பாவூரில் இருந்து தென்காசி தாண்டினால் செங்கோட்டை. அந்தச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர். வாஞ்சிநாதனின் ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்கிற செங்கோட்டை, 1911இல் அவர் மணியாச்சிக்குப் போனபோது சென்னை மாகாணமே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செங்கோட்டைக்குப் பெண் கொடுத்ததை "சீமை தாண்டிக் கொடுத்தோம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்.

திருவிதாங்கூரில் தமிழர்கள் அதிகமாக இருந்த தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் முகம். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பசல் அலி தலைமையில் குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தமிழகத்துக்கு. செங்கோட்டையிலும் கடைசியில் ஒரு பகுதிதான் வந்தது, ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றது. தமிழகம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு.

மூணாறு இருப்பது தேவிகுளம் தாலுகாவில். ஆனைமுடி நிற்பது அந்தத் தாலுகாவின் விளிம்பில். அதே மூணாறு மலைகளில் மீசைப்புலிமலை இருக்கிறது, 2,640 மீட்டர். தொட்டபெட்டாவை விட மூன்று மீட்டர் கூடுதல்.

ஆக, 1956இல் தேவிகுளம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால், நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் தொட்டபெட்டா என்று எழுதியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் உச்சி மூணாறுப் பக்கம் போயிருக்கும். ஆனைமுடி எல்லைக்கோட்டுச் சிகரமாகவாவது நம் கணக்கில் வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் ஒரு மணி நேர நடையும் கிடையாது. ஆனைமுடி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ராஜமலை வரைதான் போகலாம். வரையாடு குட்டி போடும் காலத்தில் அதுவும் மூடிவிடும். சிகரம் ஏறத் தனி அனுமதி வேண்டும்.

முதல் பகுதியில் விட்ட கேள்விக்கு இதுதான் பதில். நம் மாநிலத்தின் உச்சி சுலபமாக இருப்பது மலையின் குணத்தால் இல்லை. தாலுகா எல்லை விழுந்த விதத்தால்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களின் உச்சிகளையும் தொட்டுவிட வேண்டும் என்று அலைகிற ஒரு கூட்டமே இருக்கிறது. அலாஸ்காவில் 6,190 மீட்டர் தெனாலியும் அவர்கள் பட்டியலில் உண்டு, புளோரிடாவில் 105 மீட்டர் மேடான பிரிட்டன் ஹில்லும் உண்டு. ரோட் ஐலண்டின் உச்சி 247 மீட்டர்தான். ஆனால் அங்கே போகிற பாதை தனியார் நிலத்தில் இருந்ததால் பல ஆண்டுகள் அதுதான் எட்டாத உச்சியாக இருந்தது. கோடும் வேலியும் சேர்ந்து ஒரு மேட்டை இமயமாக்கிவிடும்.

6. அந்த 58 மீட்டரின் கீழே இருந்தவர்கள்

தேவிகுளத்தில் அப்போது தமிழ் பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. அதை யாரும் மறுக்கவில்லை. விவாதம் வேறு. அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், பிழைப்புக்கு வந்துபோகிறவர்கள், அவர்களை வைத்து அந்த நிலத்தைத் தமிழ் நிலம் என்று சொல்ல முடியாது என்பது எதிர்த்தரப்பு வாதம். மக்கள் நெருக்கம் குறைந்த மலைப்பகுதியில் மொழியை விடப் பொருளாதாரக் காரணங்களுக்கே எடை அதிகம் என்கிற பக்கம் ஆணையம் சாய்ந்தது. தோட்டம், ஏலம், பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு எல்லாம் அதில் அடக்கம்.

அந்தத் தொழிலாளர்கள் யார்? கங்காணிகள் கூட்டிப்போன நம் தெற்கத்தி மக்கள். திருநெல்வேலி, சங்கரன்கோவில், கயத்தாறு வட்டாரக் கிராமங்களில் மூணாறில் சொந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து, லயத்து வீட்டிலேயே வளர்ந்து, கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்கள். தோட்டத்தில் வேலை முடிந்தால் லயமும் முடிந்தது. அங்கே சொந்த மண் இல்லை, இங்கே சொந்த வீடு இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, கொட்டும் மழையில் ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்தது. இரவிகுளம் பூங்காவின் ஓரம் அது. லயங்கள் மண்ணுக்குள் போயின. காணாமல் போனவர்களையும் சேர்த்து எழுபது பேர் இறந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. உடல்களை அங்கேயே பக்கத்தில் வரிசையாக அடக்கம் செய்தார்கள்.

தேவிகுளம் தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. மழைக்கு மாநிலம் கிடையாது. நம் வால்பாறையிலும் நீலகிரியிலும் அதே மாதிரி சரிவில் அதே மாதிரி லயங்கள் இருக்கின்றன. நான் சொல்வது வேறு. எல்லை போடும்போது எழுந்த கேள்வி, "இவர்கள் இந்த இடத்துக்காரர்களா, வந்துபோகிறவர்களா?" என்பது. அந்தக் கேள்விக்கு அவர்கள் வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கத்திலும் முழுப் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த மண்ணிலேயே அடங்கியவர்களை இனி வந்துபோகிறவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

எது உயரமான மலை என்ற போட்டி பொழுதுபோக்குக்கு நன்றாக இருக்கும். ஆனைமுடி போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். மலை எங்கும் போகவில்லை. வருத்தப்பட வேண்டுமானால் அந்த 58 மீட்டருக்காக வேண்டாம்; அந்த மலையின் மடியில் கூரை சொந்தமில்லாமல் வாழ்ந்தவர்களுக்காகப் படலாம்.

7. போக நினைப்பவர்களுக்கு

நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு, வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

காலையில் சீக்கிரம் போவது நல்லது. மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும், கூட்டமும் ஏறிவிடும். ஜங்ஷனில் இறங்கி நடப்பதாக இருந்தால் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு, சாலையை விட்டு விலகாமல் நடங்கள். அது காப்புக்காடு, காட்டெருமை உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், கம்பளி இல்லாமல் போகாதீர்கள். முட்டிவலிக்காரர்கள் வண்டியிலேயே மேலே போய்விடலாம். அதனால் உச்சியின் உயரம் ஒன்றும் குறைந்துவிடாது.

மேலே போனதும் ஓர் ஆண்ட்ராய்டையும் ஓர் ஐபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லி, ஏன் வேறு வேறாக வருகிறது என்று கேளுங்கள். பிறகு தெற்குப் பக்கம் திரும்பி நில்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், ஆனைமுடி இருக்கிறது. அதற்கும் தெற்கே, எங்கள் ஊர்ப் பெரியவரின் பொதிகை.